இருமல் டீச்சரும் அறிவுச் சோலையும்

போடிநாயக்கனூரில் சூர்யகலாவுக்கு இருமல் டீச்சர் என்று பெயர். அவள் டீச்சரும் இல்லை, அவளுக்கு இருமலும் இல்லை. மலையடிவாரத் தெருக்களில் வீடு வீடாக ஏறி, "ஒங்க வீட்ல யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல் இருக்கா?" என்று கேட்டுத் திரிந்த முதல் வேலையில் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். அந்த ஆய்வு முடிந்து, அறிக்கை எங்கோ தலைநகரத்து அலமாரியில் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டது. பெயர் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது.

அவளுடைய அப்பாவுக்குப் பொட்டிபுரம் பக்கம் மக்காச்சோளக் காடு. பிள்ளைகளை எல்லாம் படிக்க வைத்தார். பெரியவன் பேங்க்கில் இருக்கிறான், சின்னவள் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறாள். இவை இரண்டும் சொந்தக்காரர்களுக்குப் புரிந்த வேலைகள். நடுவுள்ளவள் மதுரையில் நுண்ணுயிரியல் படித்து, அதற்கு மேல் பொதுச் சுகாதாரமும் படித்துவிட்டு வந்தபோதுதான் சிக்கல் ஆனது. ஒவ்வொரு கல்யாண வீட்டுப் பந்தியிலும் அவளுக்கு ஒரு விசாரணை நடக்கும்.

"ஊசி போடுவியா?" என்பாள் சித்தி.

"இல்ல சித்தி."

"மாத்திர எழுதிக் குடுப்பியா?"

"அதும் இல்ல."

"அப்பறம் என்னதேன் பண்ணுவ?"

"கேள்வி கேப்பேன்."

"கேள்வி கேக்கவா இம்புட்டுப் படிச்ச?"

மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் கட்டும் திட்டம் ஒன்று வந்ததிலிருந்து, ஆராய்ச்சி என்ற சொல்லையும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சொன்னால், "மலையக் கொடைய வந்த கூட்டமா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் அவள் போகிற இடமெல்லாம், "கணக்கெடுக்க வந்திருக்கேன்" என்றே சொல்லிப் பழகியிருந்தாள்.

அவள் வேலை பார்த்த மலையடிவார நலவாழ்வு ஆய்வு மையம் ஒரு பூச்சிமருந்துக் கடையின் மாடியில் இருந்தது. கீழே விற்றார்கள், மேலே ஆராய்ந்தார்கள். இரு தரப்புக்கும் நல்ல உறவு. மையத்தின் இயக்குநர் டாக்டர் அன்புச்செல்வன் மதுரையில் குடியிருந்தார். அவரும் ஊசி போடாத டாக்டர்தான். போடிக்கு எப்போதாவது காரில் வந்து, எல்லோருடைய வேலையிலும் குறை சொல்லி, மீன் சாப்பாடு சாப்பிட்டு, வெயில் தாழத் திரும்பிவிடுவார்.

ஒரு முறை அவர் வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். போனவர்கள் சாக்லேட் வாங்கி வருவார்கள். இவர் 'அறிவுப் பகிர்வு' என்ற சொல்லை வாங்கி வந்தார். நாடு முழுக்க உள்ள சுகாதார ஆய்வாளர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ள இணையத்தில் ஒரு தளம் இருந்தது. பெயர் 'நலவாழ்வு அறிவுச் சோலை'. அதில் எதையாவது பகிர்ந்தால் ஓர் இலை கிடைக்கும். இலைகள் சேர்ந்தால் கிளை. கிளைகள் சேர்ந்தால் உறுப்பினர் மரம் ஆவார்.

"இந்த வருஷத்துக்குள்ள நம்ம மையத்துல எல்லாரும் மரமாகணும்" என்று அன்புச்செல்வன் உத்தரவு போட்டார். மரமாக இருப்பதற்கு மையத்தில் சிலர் ஏற்கெனவே நன்றாகப் பழகியிருந்ததால் யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

சூர்யகலா உண்மையான ஆசையோடுதான் சோலைக்குள் போனாள். போடி மாடியில் தனியாக உட்கார்ந்து யோசிக்கிறவளுக்கு, வேறு ஊரில் இதே யோசனையோடு உட்கார்ந்திருப்பவர் யாராவது கிடைத்தால் எவ்வளவு பெரிய காரியம்! உள்ளே போய்ப் பார்த்தால் ரோஜாப் பூக்களாக இருந்தது. காலை வணக்கத்துக்குச் சிவப்பு ரோஜா, ஞாயிற்றுக்கிழமைக்கு மஞ்சள் ரோஜா. அதற்கு நடுவில் இணையவழிக் கருத்தரங்குகளின் சான்றிதழ்கள். எல்லாவற்றுக்கும் மேலே பேராசிரியர் அழகுமலை.

அழகுமலை சோலையின் ஆலமரம். ஏதோ ஒரு பெரிய நகரத்துக் கல்லூரியில் இருந்தார். விடிவதற்குள் கை நிறையக் கட்டுரைகளை அள்ளிப் போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் 'அவசியம் படிக்கவும்' என்று எழுதிவிடுவார். தொழிலாளர் நலம் என்ற பகுதியில் அவர் போட்ட ஒரு கட்டுரையைச் சூர்யகலா அவசியமாக நினைத்துப் படித்துவிட்டாள். பண்ணை மீன்களுக்கு வரும் செதில் நோயைப் பற்றியது. "சார், இது மீன் சம்பந்தப்பட்டது" என்று பணிவாக எழுதினாள். 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று கும்பிட்ட கைகளோடு பதில் வந்தது. மீன் அங்கேயே கிடந்தது. அதற்குப் பலர் 'மிகப் பயனுள்ள பகிர்வு' என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை, மலைமேல் கேரளப் பக்கத்து ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்குப் போய்வரும் பெண்களின் உடல்நலம். விடியக்காலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்புகள் பெண்களை அடைத்துக்கொண்டு மலை ஏறும். காயெடுத்து, களையெடுத்து, பொழுது சாயும்போது பெண்கள் அதே ஜீப்புகளில் இறங்குவார்கள். அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. வாந்தி, கிறுகிறுப்பு, மண்டையிடி. எல்லாம் ஜீப்பில்.

"அது மல வளைவுங்க. வயித்தப் பொரட்டத்தான் செய்யும்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஜீப் ஓட்டும் ராக்கையாவும் அதையே சொன்னார். அன்புச்செல்வனும் அதையே சொன்னார். இவ்வளவு பேர் ஒரே கருத்தைச் சொல்வது போடியில் அபூர்வம்.

ஆனால் பதில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கூட்டிப் பார்த்தபோது சூர்யகலாவுக்கு ஒன்று உறுத்தியது. ஏறும்போது யாரும் வாந்தி எடுப்பதில்லை. இறங்கும்போதுதான். அதே மலை, அதே வளைவு, அதே ஜீப்பு. ஏன்?

அதைச் சோலையில் கேள்வியாகப் போட்டாள். பதில்கள் குவிந்தன. ஒருவர் இஞ்சி மிட்டாயைச் சிபாரிசு செய்தார். இன்னொருவர் இந்தக் கேள்வியைக் கேட்க அறநெறிக் குழுவிடம் அனுமதி வாங்கியாயிற்றா என்று விசாரித்தார். ஆராய்ச்சி மாணவர் ஒருவர், 'அருமையான பணி, மேடம். என்னுடைய கேள்வித்தாளைக் கொஞ்சம் நிரப்பித் தர முடியுமா?' என்றார். அழகுமலை, விண்வெளி வீரர்களுக்கு வரும் குமட்டல் பற்றிய கட்டுரையைப் போட்டு அவசியம் படிக்கச் சொன்னார். ஒருவர் ரோஜா போட்டார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு, அசாம் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் நிருபமா என்ற ஆய்வாளர் ஒற்றை வரி எழுதியிருந்தாள். 'ஏறும்போது வண்டியில் இல்லாத எது, இறங்கும்போது வண்டியில் இருக்கிறது?'

சோலையின் விதிப்படி கேள்விக்கு இலை கிடையாது. நிருபமாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சூர்யகலாவுக்கு முகம் சூடாகிவிட்டது. அவளுடைய கேள்வித்தாளில் அடுப்பு விறகா கேஸா என்பது முதல் குலதெய்வக் கோயிலுக்குப் போகும் தூரம் வரை எல்லாம் இருந்தது. ஜீப்பில் பெண்களோடு கூட என்ன வருகிறது என்று மட்டும் இல்லை. அவளும் ஒரு நாள்கூட அந்த ஜீப்பில் இறங்கியதில்லை. காலையில் பெண்களோடு ஏறுவாள், மத்தியான பஸ்சில் இறங்கிவிடுவாள். சாயங்காலம் மையத்தில் இருக்கும் இயந்திரத்தில் பெருவிரல் வைக்காவிட்டால் அன்றைக்கு அவள் வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மறுநாள் பெருவிரலைப் பற்றிக் கவலைப்படாமல் எஸ்டேட்டிலேயே இருந்துவிட்டு, பொழுது சாய ராக்கையாவின் ஜீப்புக்கு வந்தாள்.

"டீச்சரம்மா, நீங்க முன்னாடி ஏறுங்க. பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும்" என்றார் ராக்கையா.

"இல்லண்ணே, பின்னாடியே வர்றேன்."

"ஒங்க இஷ்டம். அப்பறம் இடுப்பு வலின்னு அதுக்கு ஒரு கணக்கெடுக்க வராதீங்க."

உள்ளே பெண்கள் நெருக்கியடித்து இடம் விட்டார்கள். மலை மேட்டில் பனிமஞ்சு இறங்கியிருந்தது. குளிர் தாங்காமல் தார்ப்பாயை மூன்று பக்கமும் இறக்கிக் கட்டினார்கள். ஜீப்பு நகர்ந்ததும் காலுக்கடியில் ஏதோ உருண்டு கணுக்காலில் இடித்தது. சாக்குக்குள் கேன்கள்.

"என்னக்கா இது?" என்று பக்கத்தில் இருந்த பேச்சியிடம் கேட்டாள். பேச்சி தேவாரத்துக்காரி, அந்த ஜீப்பில் வாய்க்குப் பேர் போனவள்.

"மருந்து கேனு டீச்சர். மருந்தடிச்சு முடிச்சதும் சூப்பர்வைசரு, 'சேச்சி, வேணும்னா எடுத்துக்கோ'ம்பாரு. தண்ணி புடிச்சு வக்க ஆகும்ல?"

"கழுவிட்டா எடுத்துட்டு வர்றீங்க?"

"அங்க எங்குட்டுக் கழுவ? வீட்ல போயித்தேன்."

கேன்களின் அடியில் மிச்சமிருந்தது கசிந்து சாக்கு ஈரமாக இருந்தது. காயெடுக்கும்போது சேலைக்கு மேல் போட்டிருந்த பழைய சட்டைகளையும் அப்படியே போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அவற்றிலும் அதே வாடை. நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் ஒரு பெண் தார்ப்பாயைத் தூக்கித் தலையை வெளியே நீட்டினாள். பிறகு இன்னொருத்தி. எழுதி வைக்கலாம் என்று பேனாவை எடுத்த சூர்யகலாவுக்கு வாயில் எச்சில் ஊறி, கண் இருட்டி, அடுத்த வளைவில் அவளும் தலையை வெளியே நீட்டிவிட்டாள்.

ஜீப்பே சிரித்தது. "கேள்வி கேக்க வந்த டீச்சரே எடுத்துப்புட்டாகளே!" என்று பேச்சி அவள் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே கும்மாளம் போட்டாள். ஓர் ஆய்வாளர் தன் ஆய்வில் இத்தனை முழுமனதோடு பங்கேற்றது மையத்தின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

அடிவாரத்து முந்தலில் இறங்கி முகம் கழுவிவிட்டு அவள் ராக்கையாவிடம் பேசினாள். "அண்ணே, கேனையும் சட்டையவும் சாக்குல கட்டி மேல கேரியர்ல போடுங்க. தார்ப்பாய ஒரு பக்கமாச்சும் சுருட்டி விடுங்க."

"மேல கட்டுனா செக்போஸ்ட்டுல 'லோடு ஏத்தியிருக்கே'ம்பான்."

"உள்ள இத்தன பேர அடச்சிருக்கீங்க. அத விட்டுட்டுக் கேனையா புடிப்பான்?"

"சரி, ஒங்களுக்காண்டி" என்றார் ராக்கையா. மற்ற ஜீப்புக்காரர்கள் யாருக்காகவும் எதையும் செய்யத் தயாராக இல்லை. அது அவளுக்கு வசதியாகப் போயிற்று. ராக்கையா ஜீப்பில் இறங்கியவர்களையும் மற்ற ஜீப்புகளில் இறங்கியவர்களையும் சில வாரங்கள் ஒப்பிட்டுப் பார்த்தாள். ராக்கையா ஜீப்பில் வாந்தி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அடியோடு நிற்கவில்லை. பக்கத்துச் செடிக்கு மருந்தடிக்கும்போதே காயெடுத்தவர்களுக்குக் கேன் எங்கே இருந்தாலும் கிறுகிறுத்தது. அதை எஸ்டேட்டில் பேசிப் பார்த்தாள். 'ஆலோசிக்கிறோம்' என்றார்கள். இன்னும் ஆலோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேனில் தண்ணீர் பிடிக்க வேண்டாம் என்று சொன்னபோது பேச்சி கேட்டாள், "அப்ப எதுல புடிக்க? ஒங்க கையிலயா?" நிருபமாவுடன் பேசியதில், அசாமில் காலிக் கேன்களை ஓட்டை போட்டுவிடுவதாகச் சொன்னாள். இங்கேயும் ஒரு சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டு ஓட்டை போட ஆரம்பித்தார். அன்றைக்கு மலையில் கேன் போன பெண்களிடம் சூர்யகலாவுக்கு விழுந்த வசவை எந்தக் கருத்தரங்கிலும் அவள் கேட்டதில்லை.

கண்டதையும், செய்ததையும், இன்னும் தெரியாததையும் நேர்மையாக எழுதி, தமிழிலும் ஆங்கிலத்திலுமாகச் சோலையில் போட்டாள். வேறு மலையில் வேறு வண்டியில் யாராவது வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு உதவட்டும் என்ற நினைப்பு. இலைகள் வந்தன. அவற்றுக்குப் பின்னாலேயே மதுரையிலிருந்து போன் வந்தது.

"யாரக் கேட்டும்மா போட்ட?" என்றார் அன்புச்செல்வன்.

"நீங்கதான சார் பகிரச் சொன்னீங்க?"

"பகிரச் சொன்னேன். நம்ம சரக்கையா பகிரச் சொன்னேன்? ஊர்ல எவ்வளவோ கெடக்கு, அத எடுத்துப் பகிரு. இது நம்ம டேட்டா. பெரிய ஜர்னல்ல வர வேண்டியது."

"அது வர ரெண்டு வருஷமாகும் சார். அதுவரைக்கும் ஜீப்பு ஓடிக்கிட்டுத்தான இருக்கும்?"

"உணர்ச்சிவசப்படாத. ஆராய்ச்சிக்கு அது ஆகாது. எடுத்துரு."

எடுத்துவிட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்து, கீழே கடையில் யாரோ மருந்து வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஏதோ திருடிவிட்டதுபோல அவளுக்கு இருந்தது. யாருடைய வாந்தியை யாரிடமிருந்து திருடினோம் என்றுதான் விளங்கவில்லை.

சில வாரம் கழித்து அவளுடைய போனுக்கு ஒரு வண்ணப்படம் வந்தது. 'மலைப்பாதை வாந்தி: ஐந்து எளிய தீர்வுகள்' என்று கொட்டை எழுத்து. கீழே கோட்டு சூட்டில் பேராசிரியர் அழகுமலை சிரித்துக்கொண்டிருந்தார். முதல் நான்கு தீர்வுகளும் சூர்யகலாவின் வாக்கியங்கள். அவசரத்தில் அவள் 'கேன்கல்' என்று தப்பாக அடித்திருந்ததுகூட அப்படியே இருந்தது. ஐந்தாவது தீர்வு இஞ்சி மிட்டாய்.

அதை அனுப்பியவர் அன்புச்செல்வன். கூடவே ஒரு குறிப்பு: 'பார். இப்படித்தான் வேலை செய்ய வேண்டும். இவரிடம் கற்றுக்கொள்.'

முதலில் அதைத் தன் பழைய கட்டுரையோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்தாள். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வந்தது. சிரித்த சத்தத்துக்குப் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். 'சார், இது நீங்க எடுக்கச் சொன்னது' என்று பதில் அனுப்பினாள். அவர் பார்த்துவிட்டதற்கான நீல அடையாளம் மட்டும் வந்தது.

சோலையில் நிருபமா சும்மா இருக்கவில்லை. அழகுமலை அங்கே ஆங்கிலத்திலும் போட்டிருந்த படத்துக்குக் கீழேயே கேட்டுவிட்டாள். 'இதை எழுதியவர் சூர்யகலா. நான் படித்திருக்கிறேன், எங்கள் தோட்டத்தில் செய்தும் பார்த்திருக்கிறேன். அவர் பெயர் எங்கே?' அழகுமலை அமைதியாகப் பதில் சொன்னார். 'அறிவு யாருடைய தனிச்சொத்தும் அல்ல, சகோதரி.' தன் பெயரும் படமும் பட்டங்களும் தொலைபேசி எண்ணும் போட்ட படத்துக்குக் கீழே அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். பிறகு யாரோ ஒரு ரோஜா போட்டார்கள், எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்பினார்கள்.

ஆனால் அந்தப் படம் சோலைக்குள் நிற்கவில்லை. சூர்யகலாவின் நீண்ட கட்டுரை போக முடியாத இடத்துக்கெல்லாம் அது போயிற்று. கம்பத்திலிருந்து குரங்கணி வரைக்கும் ஜீப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. ஒரு நாள் முந்தலில் ராக்கையா அவளை நிறுத்தி, போனை நீட்டினார்.

"பாருங்க டீச்சரம்மா. யாரோ பெரிய டாக்டரே சொல்லியிருக்காரு, கேனை மேலதேன் கட்டணுமாம். இனிமே செக்போஸ்ட்டுல எவன் கேட்டாலும் இதக் காட்டிருவேன்."

"இதத்தான அண்ணே நான் அன்னைக்கே சொன்னேன்?"

"சொன்னீக, இல்லேங்கல. போட்டோ போட்டுச் சொல்லலையே?"

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கி வந்தன. முன்னே வந்ததன் தலையில் சாக்கு. அதன் பின்னால் வந்ததன் தலையிலும் சாக்கு. மூன்றாவதில் இல்லை, அதற்கடுத்ததில் இருந்தது. தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு, பெண்கள் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு ஆத்திரம் ஆற மறுத்தது, சந்தோஷமும் அடங்க மறுத்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ரோட்டோரம் நின்றாள். முந்தல் பெட்டிக்கடையில் இஞ்சி மிட்டாய் ஜாடி புதிதாக வந்திருந்தது.

படம் பிரபலமானதும் அன்புச்செல்வனுக்கு ஞானம் பிறந்தது. இது எங்கள் மையத்தின் கண்டுபிடிப்பு என்று அவரே எல்லோருக்கும் எழுதினார். எடுக்கச் சொன்னதைத் திரும்பப் போடச் சொன்னார். ஆண்டறிக்கையின் அட்டைக்குப் படம் எடுக்க எஸ்டேட்டுக்கே காரில் வந்தார். காலி மருந்து கேன் ஒன்றை வெறுங்கையால் நெஞ்சோடு அணைத்து, தொலைதூர மலையைக் கவலையோடு பார்த்தபடி நின்றார். படம் நன்றாக வந்தது. எடுத்து முடித்ததும் பசிக்கிறது என்று காருக்குள் வைத்திருந்த பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"கையக் கழுவிட்டுச் சாப்பிடுங்க சார். சோப்புப் போட்டு" என்றாள் சூர்யகலா.

"அதெல்லாம் டெய்லி தொடுறவங்களுக்குத்தான்மா" என்றார் அவர்.

கட்டுரை அன்புச்செல்வன் பெயரை முதலிலும் அவளுடைய பெயரை நடுவிலும் தாங்கி ஏதோ ஒரு ஜர்னலின் வரிசையில் காத்திருக்கிறது. நிருபமாவின் பெயரை நன்றியுரையிலாவது போட வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். போட்டிருக்கிறார்கள், எழுத்துப் பிழையோடு.

அவள் வேலையை விடவில்லை. ஊசி போடத் தெரியாதவளுக்குப் போடியில் வேறு என்ன சோலி கிடைக்கும்? அவளும் நிருபமாவும் சேர்ந்து தனியாக ஒரு சின்னக் குழு தொடங்கினார்கள். வால்பாறையிலிருந்து ஒரு நர்ஸ், குடகிலிருந்து ஓர் ஆய்வாளர், இப்படி மலையேறுகிறவர்கள் சிலர். அங்கே வணக்கமும் ரோஜாவும் கிடையாது. தெரியாததை யாரும் கேட்கலாம், தெரிந்ததைச் செய்து பார்த்தவர் மட்டும் சொல்லலாம். பேசுவதற்கு ஒன்றுமில்லாவிட்டால் குழு நாள் கணக்கில் சும்மா கிடக்கும். அதில் யாருக்கும் வருத்தமில்லை. கேள்விப்பட்டு அழகுமலை தன்னையும் சேர்க்கும்படி எழுதினார். தாராளமாகச் சேரலாம், உங்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்வியோடு வாருங்கள் என்று பதில் போட்டார்கள். அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் பேச்சியைப் பார்த்தபோது உடம்பு எப்படி இருக்கிறது என்று சூர்யகலா விசாரித்தாள்.

"வாந்தி நின்னுபோச்சு டீச்சர். அதுல ஒரு கஷ்டம். வாந்தி எடுக்குறவன்னு முன்னெல்லாம் ஓரத்துல எடம் விடுவாளுக. இப்ப நடுவுல போட்டு நசுக்குறாளுக. அதுக்கு ஏதாச்சும் ஆராய்ச்சி பண்ணுங்களேன்" என்று சொல்லிவிட்டு, ஹாரன் அடித்த ஜீப்பைப் பார்த்து வெரசா ஓடினாள்.